கொண்டை ஊசி வளைவும் ஒரு கேன் கியர் ஆயிலும்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ பிக்கப் வண்டி வைத்திருக்கும் யாரிடமாவது "என்ஜின் ஆயில் எப்போ மாத்தினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கோடு பதில் வரும். சிலர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் ஸ்டிக்கரையே காட்டுவார்கள். "சரி, டிஃபரன்ஷியல் ஆயில்?" என்று அடுத்துக் கேட்டால் ஒரு சின்ன மௌனம். பிறகு, "அதெல்லாம் சர்வீஸ்ல பார்த்திருப்பாங்க" என்று வரும். பார்த்திருப்பார்களா என்பதுதான் கேள்வி.

என்ஜின் ஆயிலுக்கு டிப் ஸ்டிக் இருக்கிறது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு இருக்கிறது. பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த ஹவுசிங்குக்கு இரண்டுமே கிடையாது. அது குறைந்தாலும் சொல்லாது, கெட்டுப்போனாலும் சொல்லாது. ஒரு நாள் 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பிக்கும். அப்போது எண்ணெய் மாற்றினால் எண்ணெய்தான் புதிதாகும், தேய்ந்த பல் தேய்ந்ததுதான். சமவெளியில் ஓடும் வண்டிக்கு இந்த மறதி ஓரளவு செல்லும். நீலகிரியில் செல்லாது.

டிஃபரன்ஷியல் எதற்கு இருக்கிறது என்பதை நம் பாடப் புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும், இரண்டையும் ஒரே அச்சில் கட்டிப்போட்டால் டயர் வழுக்கும், அச்சு முறுக்கும். ஆகவே இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி. பிரான்ஸைச் சேர்ந்த பெக்கர் என்பவர் 1820களின் கடைசியில் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை வாங்கிய யோசனை இது. பெட்ரோல் கார் என்று ஒன்று வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தையது!

இதைக் கல்லட்டி மலைப்பாதையில் வைத்துக் கணக்குப் போட்டால்தான் சுவாரசியம். தலைகுந்தாவிலிருந்து மசினகுடிப் பக்கம் இறங்கும் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். வண்டி முழுதாகத் திரும்பி எதிர்த்திசை பார்க்கும் ஒரு வளைவில், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 'பை' பெருக்கல் 1.4, அதாவது சுமார் 4.4 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வளைவு பெரியதோ சின்னதோ, இந்த வித்தியாசம் மாறாது. 36 வளைவுக்குக் கிட்டத்தட்ட 160 மீட்டர். நேர் சாலையில் சும்மா உடன் சுற்றிவரும் அந்தச் சின்னப் பல்சக்கரங்கள் இங்கே ஒவ்வொரு வளைவிலும் முழு லோடையும் தாங்கிக்கொண்டு உருள வேண்டியிருக்கிறது.

ஆனால் வளைவு பாதிக் கதைதான். மீதி ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நடுவில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். இதே மலையை ஏற ரயிலுக்கே தண்டவாளம் மட்டும் போதவில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் ஏறுகிறது. 1899-லிருந்து அப்படித்தான். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபின் அந்தப் பல்லைப் போட்டோ எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. பிக்கப்பும் பல்லால்தான் ஏறுகிறது. அதன் பல் உள்ளே மறைந்திருக்கிறது, போட்டோ எடுக்க யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லோடோடு மூன்று டன் எடையுள்ள வண்டி ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால், அது இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 15 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு நடுத்தர வீட்டுக்கு இரண்டு மூன்று நாளைக்கு வரும். அத்தனையும் எங்காவது வெப்பமாகப் போயே ஆக வேண்டும். பிரேக்கில் போனால் பிரேக் கருகும். அதனால்தான் இறக்கத்தில் இரண்டாவது கியரில் போகச் சொல்லிக் காவல்துறை ஊர் முழுக்கப் பலகை வைத்திருக்கிறது. இரண்டாவது கியரில் இறங்கும்போது என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவை எந்த வழியாகப் போகிறது? சக்கரம், அச்சு, கிரவுன் சக்கரம், பினியன், கியர் பாக்ஸ், என்ஜின். ஏற்றத்தில் பல்லின் ஒரு முகத்தில் விழுந்த பாரம் இறக்கத்தில் மறு முகத்தில் விழுகிறது. பினியன் பேரிங்கின் மீது வரும் தள்ளுவிசையும் திசை மாறுகிறது. சமவெளி வண்டியில் அந்த மறு முகத்துக்கு பெரும்பாலும் ஓய்வு. இங்கே காய்கறியோடு இறங்கும்போதும் வேலை, உரமோ சிமெண்டோ அரிசியோ ஏற்றிக்கொண்டு திரும்பும்போதும் வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வந்து சேர்வதற்குள் பினியன் சுற்றுவது ஏறத்தாழ ஒரு லட்சம் சுற்று. (சக்கரச் சுற்றளவு 2.2 மீட்டர், அச்சின் விகிதம் நாலு சொச்சம் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.)

இந்த லட்சம் சுற்றுக்கும் நடுவில் நிற்பது மயிரிழையிலும் மெல்லிய ஒரு எண்ணெய்ப் படலம். இன்றைய பிக்கப்களின் பின் அச்சில் பெரும்பாலும் இருப்பது 'ஹைபாய்டு' வகைப் பல்சக்கரம். பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். பலமும் அதிகம், சத்தமும் குறைவு. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் அழுத்தத்தோடு வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். அதற்காகவே கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலக்கிறார்கள். சூட்டில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய பூச்சாக நின்று காக்கும். கியர் ஆயில் கேனைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் கந்தகத்தின் புண்ணியம்.

கேனின் மேல் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருப்பது இந்த விஷயம்தான். ஜிஎல்-5-ல் இந்த மருந்து அதிகம், ஹைபாய்டு அச்சுக்கு உகந்தது. அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றினால் சில வண்டிகளில் உள்ளே இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அது அரிக்கும். ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4தான். "எண்ணெய்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரே டின்னிலிருந்து இரண்டுக்கும் ஊற்றும் பட்டறையில் வண்டியை விடாமல் இருப்பது நல்லது. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த எண்ணெய் என்று தெளிவாகப் போட்டிருக்கும். அந்தப் புத்தகம் பாலிதீன் கவர்கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்!

நம் ஊருக்கு இது புதிய அறிவும் இல்லை. மாட்டு வண்டிக்காரர்கள் வைக்கோலை எரித்த கரியில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து வண்டி மை செய்தார்கள். மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். வழியில் அச்சு கிறீச்சிட்டால் இறங்கி மை போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார்கள். பிக்கப்பில் பாட்டுச் சத்தத்தில் கிறீச் கேட்பதில்லை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? இங்கேதான் வாதம் இருக்கிறது. "கம்பெனிக்காரன் சொன்ன கிலோமீட்டர் இன்னும் வரலை" என்பது வழக்கமான பதில். அந்தக் கணக்கு பொதுவான ஓட்டத்துக்கு. பல கையேடுகளில் மலைப்பாதை, முழு லோடு, தூசி, தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லித் தனியாக ஒரு குறிப்பு இருக்கும். நீலகிரியில் ஓடும் லோடு வண்டிக்கு அந்தக் குறிப்புதான் சட்டம். கிலோமீட்டர் மீட்டர் ஏற்றத்தை எண்ணாது. மஞ்சூரிலிருந்து ஊட்டி வந்து திரும்பும் கிலோமீட்டரும் கோவை அவினாசி சாலையில் ஓடும் கிலோமீட்டரும் அதற்கு ஒன்றுதான், பல்லுக்கு ஒன்றல்ல. மலை வண்டிக்குக் கிலோமீட்டரோடு சேர்த்துக் காலண்டரையும் பார்க்க வேண்டும். குறைந்தபட்சம் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் நட்டைக் கழற்றி எண்ணெயைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மழைக்காலம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்றம் ஏறிச் சூடான ஹவுசிங் திடீரென்று மழைத் தண்ணீரில் நனைந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், வெளியிலிருந்து இழுக்கும். இழுக்கும் வழி 'பிரீதர்' என்ற சின்ன மூச்சுக்குழல். அதில் சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் ஓரமாக ஈரம் உள்ளே போகும். தண்ணீர் கலந்த கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்துப்போகும். கூடலூர், தேவாலா பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே அடைத்த பிரீதர் சூட்டில் எதிர்வேலை செய்யும். உள்ளே காற்று விரிந்து அழுத்தம் கூடும், எண்ணெய் அச்சின் இரு முனை வழியாகவும் கசியும். அந்த முனையில் இருப்பது பின் பிரேக் டிரம். எண்ணெய் குடித்த பிரேக் லைனிங் பிடிக்காது. இது தேய்மானம், செலவு என்ற கணக்கெல்லாம் தாண்டிய விஷயம். பர்லியாறு இறக்கத்தில் எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் அந்தச் சின்னக் குழலுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

மாற்றும் வேலை ஒன்றும் ராக்கெட் விடுவதில்லை. கொஞ்ச தூரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கிவிட்டு வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும் (ஊட்டியில் சமதளம் தேடுவதுதான் பெரிய வேலை). முதலில் மேலே உள்ள ஃபில்லர் நட்டைக் கழற்ற வேண்டும். கீழ் நட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடியவிட்ட பிறகு மேல் நட்டு துருப்பிடித்து அசையாவிட்டால், எண்ணெய் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியதுதான். பிறகு டிரெயின் நட்டு. அதில் காந்தம் இருந்தால் கருப்பாகப் பசை போல் ஒட்டியிருக்கும் பொடி சகஜம். பளபளவென்று சில்லுகள் வந்தால் சகஜமில்லை, ஹவுசிங்கைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம். புது வாஷர் போட்டு மூடி, மேல் துளையில் வழியும்வரை ஊற்றினால் அளவு சரி. அளவு குறைந்தால் முதலில் அடிபடுவது முன்பக்க பினியன் பேரிங். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு தூக்கியிருக்க, எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கிவிடும்.

ஆகும் செலவு சில லிட்டர் எண்ணெயும் ஒரு மணி நேரமும். கிரவுன் பினியன் செட் மாற்றும் செலவு எத்தனையோ மடங்கு. இவ்வளவு தெளிவான கணக்கை ஏன் யாரும் போடுவதில்லை? போடுபவரும் இழப்பவரும் வேறு வேறு ஆள் என்பதால். பல வண்டிகளில் எண்ணெய்க்குக் காசு கொடுக்க வேண்டியவர் உரிமையாளர். வண்டி வளைவில் நின்றுபோனால் நாள் சம்பளம் போவது ஓட்டுநருக்கு. கேரட் வாடி, மண்டி ஏலம் தவறினால் விவசாயிக்கு. பறித்த தேயிலைக் கொழுந்து அன்றே ஃபேக்டரிக்குப் போகாமல் மூட்டையில் சூடேறினால் சிறு தேயிலை விவசாயிக்கு. லோடு வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்ப்பார்கள். நட்டைக் கழற்றி எண்ணெய் பார்ப்பது அதில் இல்லை. ஆகவே தினமும் ஓட்டுபவர் கேட்டால்தான் உண்டு. கேட்கும் ஓட்டுநரை 'செலவு வைக்கிறான்' என்று முணுமுணுக்கும் உரிமையாளர், அவரால்தான் தன் அச்சு பிழைத்திருக்கிறது என்று யோசிக்கலாம்.

வடித்த பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் சென்ட்ரிங் பலகைக்குப் பூசப் போகிறது, கொஞ்சம் வேலிக் கம்பத்துக்கு. மீதி சில பட்டறைகளில் பின்பக்கச் சரிவில். நீலகிரியில் பின்பக்கச் சரிவு என்றால் கீழே ஒரு ஓடை, அதற்குக் கீழே பவானி அல்லது மாயாறு. 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து எண்ணெய் தயாரிக்கும் நிறுவனங்களுக்கே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பும் வந்திருக்கிறது. மலைக்கு வரும் காரில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தால் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்ளும் மாவட்டம் இது. அந்தக் கண்டிப்பு நியாயமானது. அதே கண்டிப்பில் சிறு பங்கு பட்டறைகள் பக்கம் திரும்பி, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரில் தலா ஒரு சேகரிப்பு டிரம்மும், வாரம் ஒருமுறை அதை மேட்டுப்பாளையத்துக்கு இறக்க ஒரு பிக்கப்பும் இருந்தால் போதும். எப்படியும் தினமும் அந்த வழியில் நூற்றுக்கணக்கில் இறங்கத்தான் செய்கின்றன.