குழந்தையின் தொண்டையில் ஒரு மரு

குழந்தையின் குரல் மாதக்கணக்கில் கரகரத்தால் முதலில் சளி என்பார்கள், பிறகு ஆஸ்துமா என்பார்கள். அரிதாகச் சில குழந்தைகளுக்குக் குரல்நாணில் காலிபிளவர் போலக் கொத்தாக மரு வளர்ந்திருக்கும். ஹெச்பிவி வைரஸின் 6, 11ஆம் வகைகள் செய்யும் வேலை அது. பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றுவது. அறுத்தெடுத்தாலும் மறுபடி முளைக்கும். மயக்க மருந்தோடு பலமுறை அறுவை அரங்குக்குப் போய்வரும் பிள்ளைகள் உண்டு. ஹெச்பிவி தடுப்பூசியைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கானது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது என்பது என் கட்சி. ஆஸ்திரேலியா 2007இல், 6, 11 வகைகளையும் தடுக்கும் நால்வகைத் தடுப்பூசியைச் சிறுமிகளுக்குத் தேசியத் திட்டமாக்கியது. 2012இல் அங்கே 7 குழந்தைகளுக்குப் புதிதாக இந்நோய் வந்தது. 2016இல் ஒரே ஒரு குழந்தைக்கு. சின்ன எண்கள்தானே, தற்செயலாக இருக்கலாமே? அந்த ஐந்தாண்டில் பதிவான 15 குழந்தைகளின் தாய்மார்களில் ஒருவர்கூடக் கர்ப்பத்துக்கு முன் ஊசி போட்டவரில்லை. இதையும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

டான்சிலில் வைரஸ் தென்படும் குழந்தையெல்லாம் நோயாளி அல்ல. பெரும்பாலும் உடலே அதை விரட்டிவிடும். ஆகவே எல்லாக் குழந்தைக்கும் தொண்டைப் பரிசோதனை என்பது வீண் பீதி. சிசேரியனும் உறுதியான காப்பு அல்ல. அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது. அரிய நோய்க்காக இவ்வளவு செலவா என்றால், தனிச் செலவே இல்லை. புற்றுநோய்க்குப் போடும் அதே ஊசிதான். எந்த ஊசி என்பதில்தான் கவனம் வேண்டும்: இருவகைத் தடுப்பூசி புற்றுநோய் வகைகளான 16, 18ஐ மட்டும் குறிவைத்தது, புனேயில் தயாராகும் செர்வாவாக் ஊசியில் 6, 11ம் சேர்ந்திருக்கின்றன.