கட்டில் யாருக்கு?

சங்க இலக்கியம் கஷ்டமான பேப்பர், ஒங்க ஆளுங்களுக்கு ஏறாது என்றார் பேராசிரியர். 1994இல் எம்.ஏ. தமிழ் சேர்ந்திருந்தேன். ராத்திரி ராத்திரியாக உரையைப் புரட்டினேன். கஷ்டம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் புறநானூறு 82ஆம் பாட்டுக்கு எனக்கு உரையே தேவைப்படவில்லை.

சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா. வீட்டில் பெண்டாட்டிக்குப் பிரசவம். மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் ஒருத்தன் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கை ஊசியைவிட வேகமாம், போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர்! பின்னுகிறவனுக்குப் புலவர் வைத்த பேர் 'இழிசினன்'.

ஆகா, என்ன உவமை என்று உருகினார் பேராசிரியர். நான் எழுந்தேன்.

"பொண்டாட்டி வலியில துடிக்கிறப்ப அவன் ஏன் சார் வீட்டுக்குப் போகல? கட்டில் யாருக்கு?"

வகுப்பே சிரித்தது.

"அது பாடத்துல இல்ல, ஒக்காரு. இழிசினன்னா சாதி இல்லடா, தொழில்."

தொழிலென்றால் 'இழி' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? உழுதவனுக்கு ஏன் ஒட்டவில்லை?

எங்கப்பா தோல் தைக்கிறவர். நான் பொறந்த அன்னிக்கும் பண்ணையார் கிணத்துக் கமலைக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊசி ஏன் பறக்கிறது என்று எனக்கா தெரியாது? ஊருக்குப் போனப்போ பாட்டைச் சொன்னேன். "கூலி குடுத்தாங்களாமா?" என்றுதான் கேட்டார்.

தமிழ்த்துறை அய்யாக்களே, மன்னன் ஜெயித்த கதையை எத்தனை வருசமாய் நடத்துகிறீர்கள். அந்தப் பொம்பளைக்கு நல்லபடியாப் பொறந்துச்சா? அதைச் சொல்லுங்க.