பொம்மைக் கல்லும் நடுவர் கண்ணும்

லெகோக் கற்களைக் கொண்டு கலைப்படைப்புச் செய்யச் சொல்லிப் பொழுதுபோக்குச் சங்கங்கள் போட்டி வைக்கின்றன. வைக்கட்டும். ‘குழந்தை விளையாட்டில் கலை ஏது?’ என்று மூக்கைச் சுளிக்கிற கூட்டத்தில் நான் இல்லை. பிரசித்தி பெற்ற ஓவியத்தை அச்சு மாறாமல் பெயர்த்து வைத்ததற்கும், கல்லை ஆயிரக்கணக்கில் கொட்டியதற்கும் பரிசு கொடுக்கிற நடுவர்களோடுதான் என் சண்டை.

கல்லை எண்ணிப் பார்ப்பது மேஸ்திரி வேலை, ஐயா, ரசிகன் வேலையல்ல. ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ்க் கற்கள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை வழி திறந்து கிடக்க, இன்னொருவன் தடத்திலேயே கால் வைத்து நடந்ததற்கா பரிசு?

நகலே கூடாது என்பதல்ல என் கட்சி. சீனக் கலைஞர் ஐ வெய்வெய், மோனேயின் அல்லிக் குளத்தை ஏறக்குறைய 6,50,000 கற்களால் 15 மீட்டர் நீளத்துக்கு அமைத்து, 2023-ல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். அதில் மோனே வரையாத ஓர் இருட்டு வாசல் இருக்கிறது. அரசாங்கம் ஒதுக்கித் தள்ளிய தகப்பனாரோடு சின்ன வயதில் அவர் குடியிருந்த மண்குழியின் வாசல் அது. இந்த நடுவர்களிடம் போயிருந்தால், ‘அசலில் இது இல்லையே’ என்று மார்க்கைக் குறைத்திருப்பார்கள். கலையோ அந்த வாசலில்தான் இருக்கிறது!