பூவைப் பார்க்காத இலை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆண்டாள் மாலை; அப்புறம் பால்கோவா! திருப்பதி பிரம்மோத்ஸவம் வரை போகிற மாலை அது. ஆனால் ஊருக்கு மேற்கே, ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கமெல்லாம் சுவர் மாதிரி நிற்கிறதே மேற்குத் தொடர்ச்சி மலை, அதன் காடுகளில் எந்த மாலையிலும் சேராத பூ ஒன்று உண்டு.

ஆர்க்கிட் என்றால் மரக்கிளையில் தொற்றி வளர்வது என்றுதானே நினைக்கிறோம்? தரையில் கிழங்கு விட்டு வளர்கிறவையும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் நெர்விலியா. மலையாளத்தார் 'ஓரிலைத் தாமரை' என்பார்கள். கோடை மழையில் மண் நனைந்ததும் இலையே இல்லாமல் வெறும் தண்டு எழும்பிப் பூக்கும். பூ வாடிய பிறகே இலை. அதுவும் ஒன்றே ஒன்று! தரையை ஒட்டி, புடவைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக விரியும். பூவும் இலையும் சந்திப்பதே இல்லை. (மாமியாரும் மருமகளும் இப்படி இருந்தால் வீட்டில் சண்டை ஏது என்கிறாள் என் சிநேகிதி!)

அந்த ஒற்றை இலைதான் அடுத்த வருஷப் பூவுக்கு வேண்டிய ஆகாரத்தைக் கிழங்கில் சேர்த்து வைக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறீர்களே, அது இலை நிற்கும் காலம். மூலிகை தேடிப் பாதையை விட்டு விலகுகிறவர்கள் மிதித்தாலோ கிள்ளினாலோ போச்சு, மறு வருஷம் பூ சந்தேகம்தான்.

கிழங்கைக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தால் என்ன என்பீர்கள். அதன் விதை வெறும் தூசி. முளைக்கு வேண்டிய உணவு அதற்குள் கிடையாது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சைக் காளான் ஊட்டினால்தான் முளைக்கும். அதற்கு நிழலும் ஈரமும் மக்கிய சருகும் வேண்டும். மொட்டை மாடியில் எங்கே போவது? தவிரவும், சாம்பல் அணிலுக்காக 1988-ல் சரணாலயமாகி, 2021-ல் புலிகள் காப்பகமும் ஆன காடு அது. அனுமதியின்றிச் செடியைப் பிடுங்குவது 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நாட்டு மருந்துக் கடையில் புஷ்டி லேகியத்துக்கென்று 'சாலாமிசிரி' வாங்குகிறோமே, அதுவும் தரை ஆர்க்கிட் கிழங்குதான். பெரும்பாலும் வடக்கே, குளிர்ந்த மலைகளில் தோண்டுவது. துருக்கியில் அந்த மாவை ஐஸ்கிரீமில் போடுகிறார்கள். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரம் கிழங்குக்கு மேல் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதென்று அங்கே தடையே போட்டுவிட்டார்கள்.

நம் ஐஸ்கிரீமில் மணக்கிற வனிலாவும் ஆர்க்கிட் ஜாதியே. ஆனால் அது கொடி; காயைப் பறித்தாலும் கொடி சாகாது.