கிருஷ்ணகிரி ஜில்லாவும் தென்பெண்ணையும்

2004-ஆம் வருஷத்தில் தர்மபுரியினின்றும் பிரிந்த கிருஷ்ணகிரி ஜில்லா கடலறியாத மலைநாடு. பழைய பாரமகாலின் ஒரு பகுதி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் அதன் சந்தைகளில் ஒலிக்கின்றன. மேற்கே ஓசூரில் யந்திரசாலைகள். கிழக்கே நாகரசம்பட்டிப் பக்கம் மாவும் தென்னையும். ஓசூரைக் கண்டு ஜில்லா முழுதும் செழித்ததென எண்ணுவோர் (நாமும் ஒருகால் எண்ணியதுண்டு) ஆற்றைப் பார்க்கட்டும். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையருகே நுரை கக்குகிறது. காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில் எழுந்த கிருஷ்ணகிரி அணைக்கு வருவதும் இந்த ஆறே.

மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையைக் குறித்து 2018-ல் நம் சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டை நாடினர். எவ்வளவு நீர் என்று வழக்காடுவது நியாயமே. எத்தகைய நீர் என்பதையும் அங்கேயே கேட்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். நுரைநீரைப் பாய்ச்சும் குடியானவருக்கு அளவு மட்டும் கூடி என்ன பிரயோஜனம்?