வளர்ந்துவிடுவான் என்று வாங்கிய சைக்கிள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் தாமானில் சைக்கிள் மணிச் சத்தமும் தொடங்கிவிடும். கூடவே, "பிள்ளைக்கு எந்த சைக்கிள் வாங்கலாம், அண்ணே?" என்று கேட்கும் பெற்றோரும் வருவார்கள். நான் சைக்கிள் நிபுணன் அல்ல. தவறான சைக்கிளை வாங்கிப் பாடம் படித்தவன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

என் மகனுக்கு அப்போது ஆறு வயது. பிறந்த நாளுக்குச் சைக்கிள் கேட்டான். கிள்ளானில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். அவன் ஆசையாக ஏறி உட்கார்ந்தது 16 அங்குலச் சக்கரம் கொண்டது. நான் வாங்கியது 20 அங்குலம். "எப்படியும் வளர்ந்துடுவான், ரெண்டு தடவை யாரு காசு போடுறது?" என்பது என் கணக்கு. பள்ளிச் சட்டையை ஓர் அளவு பெரிதாக வாங்கிக் கையை மடித்துவிடுகிறோமே, அதே கணக்குத்தான்.

"அப்பா, கால் எட்டலப்பா" என்றான்.

"பழகிடும்" என்றேன்.

கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டக் கற்றேன். ஆனால் நான் ஓட்டியது செம்மண் பாதை. விழுந்தால் பக்கத்தில் புல் இருக்கும். என் மகன் ஓட்டியது தார்ச் சாலை. வளைவில் கார் வரும்.

மூன்றாம் நாள் அப்படித்தான் ஒரு கார் திரும்பியது. பிரேக்கைப் பிடிக்க அவன் விரல்கள் எட்டவில்லை. காலை ஊன்றப் பார்த்தான், தரையும் எட்டவில்லை. சைக்கிளோடு சாய்ந்தான். நல்ல வேளை, கார் நின்றுவிட்டது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, நான்கு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் ஒரு வருடம் அவன் சைக்கிளைத் தொடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்தச் சைக்கிளை விற்க எங்கள் பக்கத்துப் பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். வயதான சீனத் தவுக்கே. விலை சொல்வதற்கு முன் என் மகனைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்க வைத்தார். தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேலே இடிக்கும்வரை வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தார். 48 செண்டிமீட்டர். பிறகு சைக்கிள் சீட்டை அடிவரை இறக்கி அளந்தார். 58 செண்டிமீட்டர். ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். அன்று அவரிடம் கற்றதைத்தான் இன்றுவரை கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

வயதைப் பார்த்து வாங்காதீர்கள், கால் அளவைப் பாருங்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே உயரமாகவா இருக்கிறார்கள்? புதிதாக ஓட்டும் பிள்ளைக்குச் சீட்டின் உயரம் அந்தக் கால் அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். நன்றாகப் பழகிய பின் சீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். ஆனால் சீட்டைத் தாங்கும் குழாயில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது வெளியே தெரியும் அளவுக்கு இழுக்கக் கூடாது.

அடுத்தது பிரேக். கடையிலேயே பிள்ளையைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடியை விடாமலே விரல்கள் எட்ட வேண்டும், அழுத்தினால் சக்கரம் நிற்க வேண்டும். பல பிரேக் பிடிகளில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதைத் திருப்பினால் பிடி கைக்கு அருகில் வரும். என் மகனுடைய சைக்கிளிலும் அது இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

ஹேண்டில்பாரின் இரு முனைகளையும் ரப்பர் முழுதாக மூடியிருக்க வேண்டும். வெறும் இரும்புக் குழாய் முனை, விழும்போது வயிற்றில் குத்திவிடும். ஹேண்டிலைத் திருப்பும்போது முழங்கால் இடிக்கிறதா என்று பாருங்கள். சங்கிலிக்கு மூடி இருந்தால் கால்சட்டையும் காலணிக் கயிறும் சிக்காது. சைக்கிளைத் தூக்கியும் பாருங்கள். உங்களுக்கே கனமாக இருந்தால் பிள்ளை அதை எப்படிச் சமாளிக்கும்?

பக்கச் சக்கரம் இல்லாமலும் பழக்கலாம். இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, காலால் தரையை உந்தி ஓட்ட விடுங்கள். சமநிலை தானாக வந்துவிடும். இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கமாகக் கழலும் என்பதை மறக்க வேண்டாம்.

தலைக்கவசத்தையும் "வளர்ந்துடுவான்" என்று பெரிதாக வாங்காதீர்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுங்கள்.

சரி, வருடா வருடம் புதிது வாங்க வெள்ளிக்கு எங்கே போவது? புதிதே வேண்டும் என்று யார் சொன்னது? பிள்ளைகள் சீக்கிரம் வளர்வதால், அதிகம் தேயாத பழைய சைக்கிள்கள் நிறையவே கிடைக்கின்றன. சட்டத்தில் விரிசல் உண்டா, சக்கரம் ஆடாமல் சுற்றுகிறதா, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அளவு போதாமல் போனதும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அளவில்லாத புதிய சைக்கிளைவிட அளவான பழைய சைக்கிள் எவ்வளவோ மேல்.

போன வாரம் என் இளைய மகளுக்குச் சைக்கிள் வாங்க அதே தவுக்கே கடைக்குப் போனோம். அவள் நிறத்தைப் பார்த்து ஓடினாள். அண்ணன்காரன்தான் பிடித்து நிறுத்தினான். இப்போது அவனுக்குப் பதினொரு வயது.

"கலர் அப்புறம் பார்க்கலாம். முதல்ல ஏறி உக்காரு. கால் எட்டுதா?"

அவள் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, "எட்டுது அண்ணா" என்றாள்.

அவன் குனிந்து அதைச் சரிபார்த்தான். பிறகுதான் நான் பணப்பையை எடுத்தேன்.