மூன்று புள்ளியும் ஒரு முணுமுணுப்பும்

அன்புள்ள வாசகர்களுக்கு,

இந்த முறை கால்பந்து. ஆட்டத்தைவிட அதைப் பார்க்கிறவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். ஆகவே, பந்தைத் தொட்டே பார்க்காதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

2025 ஜூன் 7 அன்று பார்சிலோனாவை ஒட்டிய ஒரு மைதானத்தில் இங்கிலாந்து அணி அண்டோராவை 1–0 என்று வென்றது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. மூன்று புள்ளி கைக்கு வந்துவிட்டது. கடைசி விசில் ஊதியதும், செலவழித்து விமானம் ஏறி வந்திருந்த இங்கிலாந்து ரசிகர்கள் 'ஊ' என்று கூச்சல் போட்டார்கள். எதிரணியைப் பார்த்துப் போட்டிருந்தால் செய்தியே இல்லை. ஜெயித்துவிட்டு நின்ற தங்கள் ஆட்களைப் பார்த்தே போட்டார்கள்.

அண்டோரா, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலைக்குள் ஒளிந்திருக்கும் குட்டி நாடு. மொத்த மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடாது. உலகத் தரவரிசையில் அப்போது 173ஆவது இடம். இங்கிலாந்துக்கு 4ஆவது இடம். முதல் பாதியில் கோலே விழவில்லை. 50ஆவது நிமிடத்தில் கேப்டன் ஹாரி கேன் ஒன்று போட்டார். அதோடு சரி. புதுப் பயிற்சியாளர் தாமஸ் டூகலே, கடைசிக் கட்டத்தில் தன் ஆட்கள் காட்டிய மெத்தனம் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

"அதான் ஜெயிச்சாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தோற்றவனுக்கு இருக்கிற வசதிகூட இப்படி ஜெயித்தவனுக்கு இல்லை. தோற்றால் நடுவரைத் திட்டலாம், பயிற்சியாளரை மாற்றச் சொல்லலாம், சாப்பிடாமல் படுக்கலாம். ஊரே ஆறுதல் சொல்லும். மட்டமாக ஆடி ஜெயித்த இரவில் வாயைத் திறந்தால், "இவனுக்கு எதிலும் திருப்தி கிடையாது" என்ற பெயர்தான் மிஞ்சும். கண் பார்த்தது ஒன்று, கோல் பலகை சொல்வது வேறொன்று. அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவன் முணுமுணுக்காமல் என்ன செய்வான்?

அடுத்த ஆட்டத்தில் என்ன ஆகுமோ என்ற அவனுடைய பயம் வீண்பயமும் இல்லை. மூன்றே நாள் கழித்து நாட்டிங்காமில் ஒரு நட்பு ஆட்டத்துக்குச் செனகல் வந்து 3–1 என்று இங்கிலாந்தைத் தோற்கடித்துவிட்டுப் போனது. ஆப்பிரிக்க அணி ஒன்றிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல்முறை. ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே தகுதிச் சுற்றை இங்கிலாந்து முடித்த கணக்கு: எட்டு ஆட்டம், எட்டு வெற்றி, 22 கோல், வாங்கியது ஒன்றுகூட இல்லை. பெல்கிரேடில் செர்பியாவை 5–0 என்று துவைத்த ஆட்டத்துக்கும் மூன்று புள்ளி. அண்டோராவிடம் திணறிய ஆட்டத்துக்கும் மூன்று புள்ளி. புள்ளிப் பட்டியலுக்கு ஞாபகம் கிடையாது. அந்த வேலையை ரசிகன் பார்க்கிறான்.

ஒரு வருடம் முன்னால் போனால் இதே கூட்டத்தை இன்னும் கோபமாகப் பார்க்கலாம். ஜெர்மனியில் நடந்த 2024 ஐரோப்பியக் கோப்பை. முதல் ஆட்டத்தில் செர்பியாவை 1–0. அடுத்து டென்மார்க்குடன் 1–1. மூன்றாவது, கொலோன் நகரில் ஸ்லோவேனியாவுடன் 0–0. மூன்று ஆட்டத்தில் இரண்டே கோல். ஆனாலும் பிரிவில் முதலிடம்! அன்று பயிற்சியாளர் கேரத் சவுத்கேட் ரசிகர்கள் பக்கம் நடந்துபோய்க் கை தட்டினார். பதிலுக்குப் பிளாஸ்டிக் கோப்பைகள் பறந்து வந்தன. கோபம் ஆட்டக்காரர்கள் மேல் விழுவதைவிடத் தன் மேல் விழட்டும் என்கிற பொருளில் அவர் பேசினார். அந்தக் கோப்பை வீச்சை என்னால் ஏற்க முடியாது. கூச்சல் வரை சரி. கையில் இருப்பதை எறிகிறவன் ரசிகனாக இருப்பதை அந்த நொடியில் நிறுத்திக்கொள்கிறான்.

அப்புறம் வந்ததுதான் வேடிக்கை. நாக்அவுட்டில் ஸ்லோவாக்கியா 25ஆவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. தொண்ணூறு நிமிடமும் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் ஐந்தாவது நிமிடம். ஓரத்திலிருந்து எறிந்த பந்தை ஒருவர் தலையால் தட்டிவிட, ஜூட் பெல்லிங்ஹாம் அந்தரத்தில் புரண்டு தலைக்கு மேலாக உதைத்தார். கோல். அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து கோல்கம்பத்துக்குள் குறிபார்த்து அடித்த முதல் பந்தே அதுதான்! எக்ஸ்ட்ரா டைம் தொடங்கியதுமே கேன் தலையால் முட்டி 2–1 ஆக்கினார். ஒன்றரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கூட்டம், பக்கத்தில் நின்றவர் யாரென்று பாராமல் கட்டிக்கொண்டது. மறுநாள் எழுந்ததும், "அது இருக்கட்டும், ஏன் இப்படி ஆடுறாங்க?" என்று திரும்ப ஆரம்பித்தது.

இரண்டுமே உண்மை என்றுதான் நான் நம்புகிறேன். கட்டிக்கொண்டதும் நடிப்பில்லை, குறை சொன்னதும் நன்றிகெட்டதனம் இல்லை. அந்த அணி சுவிட்சர்லாந்தை பெனால்டியில் தாண்டி, நெதர்லாந்தைக் கடைசி நேர கோலில் தாண்டி, பெர்லின் இறுதி ஆட்டம்வரை போனது. அங்கே ஸ்பெயினிடம் 1–2. ஏழு ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்தது ஸ்பெயின். இரண்டு நாளில் சவுத்கேட் பதவி விலகினார். 1966க்குப் பிறகு ஆண்கள் அணி பெரிய கோப்பை எதையும் தொடாத ஒரு நாட்டை, இரண்டு ஐரோப்பிய இறுதி ஆட்டங்களுக்கு அடுத்தடுத்துக் கூட்டிப்போன மனிதர் அவர். அவரையும் கொஞ்சம் நினைக்கத்தான் வேண்டும்.

இதே 1–0 கிரேக்கர்களுக்கு எப்படி இனித்தது பாருங்கள். 2004 ஐரோப்பியக் கோப்பைக்கு முன்பு கிரேக்கம் எந்தப் பெரிய போட்டியிலும் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அந்த முறை காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக் குடியரசு, இறுதியில் போட்டியை நடத்திய போர்ச்சுகல் என மூன்று பேரையும் அதே 1–0. 'தடுப்பாட்டம், தூக்கம் வருகிறது' என்று ஐரோப்பா முழுக்க அலுத்துக்கொண்டது. ஏதென்ஸ் விடிய விடிய ஆடியது. பெல்லிங்ஹாமும் கேனும் இருக்கும் அணியிடம் எதிர்பார்ப்பது வேறு, முதல் வெற்றிக்கே ஏங்கிக் கிடந்த அணியிடம் எதிர்பார்ப்பது வேறு.

இந்த இடத்தில் உங்களையும் இழுக்காமல் இருக்க முடியவில்லை. நமக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை உண்டு. "இதழ் நன்றாக இருந்தது" என்று முதல் வரி. "ஆனாலும்" என்று இரண்டாவது வரி. அதற்குப் பிறகு இரண்டு பக்கம். அலுவலகத்தில் முதலில் படிப்பது அவற்றைத்தான். பாராட்டி முடித்துக்கொள்ளும் கடிதம் சந்தோஷம் தரும், மறுக்கவில்லை. 'ஆனாலும்' கடிதக்காரர் இதழை ஒரு வரி விடாமல் படித்திருப்பார்.

மைதானத்துக்குத் திரும்பினால், கூச்சலிலிருந்து மீள முடியாத கோப்பைகளும் உண்டு. 1994 உலகக் கோப்பையில் பிரேசில், ஜூலை 4 அன்று அமெரிக்காவை அவர்கள் சுதந்திர தினத்தில் அவர்கள் மண்ணிலேயே 1–0 என்று வென்றது. லியோனார்டோ முழங்கையால் இடித்துச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு ஆடி, 72ஆவது நிமிடத்தில் பெபெட்டோ போட்ட கோல். அரையிறுதியும் 1–0. இறுதி ஆட்டம் 0–0. பெனால்டியில் இத்தாலியை வென்று, 24 வருடத்துக்குப் பிறகு கோப்பை. ஆனால் பிரேசிலில் பேச்சுக் கொடுத்தால், பலருக்குக் கண் கலங்குவது 1982 அணியை நினைத்துத்தான். ஜீக்கோவும், மருத்துவம் படித்த சாக்ரடீஸும் ஆடிய அணி. டிரா செய்தாலே போதும் என்ற ஆட்டத்தில், முன்னேறி முன்னேறி ஆடி, பாவ்லோ ரோசியின் மூன்று கோலில் இத்தாலியிடம் 2–3 என்று தோற்ற அணி.

இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் ரசிகர்கள் இதற்கு நேர் எதிர். ஜார்ஜ் கிரகாம் பயிற்சியாளராக இருந்த காலத்தில் எதிரணிக் கூட்டங்கள் அவர்களை 'சலிப்பு ஆர்சனல்' என்று பாட்டாகவே கேலி செய்தன. இவர்கள் கோபிக்கவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்பதையே ஒரு பிரபல மெட்டில் போட்டுத் தங்கள் பெருமைப் பாட்டாக்கிக் கொண்டார்கள். 1994இல் கோபன்ஹேகனில் இத்தாலியின் பார்மா அணியை அதே 1–0இல் வென்று ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பை ஒன்றையும் தூக்கினார்கள். பிறகு ஆர்சன் வெங்கர் பயிற்சியாளராக வந்து கோல்கள் குவிந்தபோது, அந்தப் பழைய 'சலிப்பு' கேலியையும் தாங்களே எடுத்துப் பாடினார்கள், கிண்டலாக.

எனக்கு அந்தப் பெருந்தன்மை வராது. நான் பிரேசில்காரர்கள் கட்சி. ஆர்சனல் ஆதரவாளர் யாராவது இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வர விரும்பினால், முகவரி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்